அடைக்கலமும் மீளளித்தலும்

ஏற்றுக்கொண்ட உயிரொன்றை ஏற்றவரே திருப்பிக் கொடுத்தல் அறமாகுமா என்னும் வினா, நம் அறநூல்களிற் பெரிதும் ஆராயப்படாத வினாவாகும். கொல்லாமை பற்றியும் புலால் மறுத்தல் பற்றியும் வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களே வகுத்துள்ளார். ஆயினும், கொல்லப்படாமலும் உண்ணப்படாமலும் வீட்டினுள்ளே வாழவந்த விலங்கொன்றுக்கும் அதனை ஏற்ற மனிதனுக்கும் இடையிலுள்ள கடப்பாடு யாது, அது எவ்விடத்தில் முடிவுறும் என்பன பற்றி அந்நூல்களில் நேரடி விடை தேடுவோர் ஏமாற்றமே அடைவர். விடையை வேறிடத்தில், குறிப்பாகக் காவியங்களும் பழங்கதைகளும் போற்றிவந்த அடைக்கலம் என்னும் கருத்திலே, தேடவேண்டியுள்ளது. அவ்வாறு தேடுமுன் வினாவை அதன் உண்மையான இடத்திலே நிறுத்திக் காண்பது நன்று.

கண்டியின் புறநகர்ப் பகுதியொன்றில் வாழும் குடும்பமொன்று, தெருவிலிருந்து மீட்கப்பட்டுக் காப்பகமொன்றிற் பேணப்பட்ட நாயை வளர்க்கவென எடுத்து வருகின்றது எனக் கொள்ளலாம். நாய்க்கு வயது இரண்டிருக்கும். முன்னர் அது யாரிடம் இருந்தது, என்ன பட்டது என்பன எவருக்கும் தெரியா. வந்த நாள் முதல் அது கட்டிலின் கீழ் ஒடுங்கிக் கிடக்கின்றது. வீட்டுத் தலைவர் அறையில் இருக்கும்வரை உணவைத் தொடுவதில்லை. எவரேனும் தும்புத்தடியைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுகின்றது. வீட்டார் வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றபின், நகங்களிற் குருதி கசியும்வரை கதவைப் பிறாண்டுகின்றது. அதன் ஊளை பற்றி அயலார் முறையிடுகின்றனர். மூன்றாம் மாதத்தில், கட்டிலின் கீழே உருண்ட பந்தை எடுக்கக் குனிந்த ஏழு வயதுப் பிள்ளையின் கையைக் கவ்விவிடுகின்றது. காயம் பெரிதன்று. எனினும் பிள்ளையை அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று விசர்நாய்க்கடிக்குரிய ஊசி பற்றி விசாரிக்க நேர்கின்றது. நாயைக் காப்பகத்திற்கே திருப்பிக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்னும் வினா அன்றிரவு அவ்வீட்டில் எழுகின்றது.

இதற்கு இரண்டு விடைகள் எளிதிற் கிடைக்கும். நாய்தானே, கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது ஒன்று. எடுத்தபின் உயிருள்ளவரை விடலாகாது என்பது மற்றையது. முதலாவது விடையை இங்கு நீண்டு மறுக்கவேண்டியதில்லை. விலங்குகள் பகுத்தறிய வல்லனவா, பேச வல்லனவா என்று வினவுவதைவிட அவை துன்புற வல்லனவா என்று வினவுவதே தகும் என 1789இல் வெளிவந்த தம் நூலில் எழுதிய ஜெரமி பெந்தமும், விலங்குக்குச் செய்யும் கடமையை மனிதத்தன்மைக்குச் செய்யும் மறைமுகக் கடமையாக மட்டும் கண்ட இம்மானுவேல் கான்ற்றும், அடிப்படையில் முரண்பட்டவர்களாயினும் இவ்விடத்தில் ஒன்றுபடுவர். நெடுங்காலம் உழைத்த நாயை அது உழைக்க இயலாத நிலையிலும் இறக்கும்வரை பேணுதல் வேண்டும் என்பதைக் கான்ற்றே தம் அறவியல் விரிவுரைகளில் எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளார். இரண்டாவது விடையோ அவ்வளவு எளிதிற் தள்ளத்தக்கதன்று. அதன் பின்னால் ஒரு பெரும் மரபு நிற்கின்றது.

அம்மரபிற்குச் செல்லுமுன், இத்தகைய நாய்கள் காப்பகத்தை வந்தடையும் வரலாற்றையும் சிறிது நோக்குதல் தகும். இலங்கையில் விசர்நாய்க்கடித் தடுப்புக்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. பதிவற்ற, உடையவரற்ற நாய்களைப் பிடித்து அழித்தல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உள்ளூராட்சி மன்றங்களின் வழக்கமான பணியாக இருந்துவந்தது. நோயின் கொடுமை உண்மையானது. 1970களின் தொடக்கத்தில் இந்நோயால் ஆண்டொன்றுக்கு 300க்கு மேற்பட்டோர் இந்நாட்டில் இறந்தனர். தடுப்பூசியின் பரவலால் அத்தொகை பிற்காலத்திற் பன்மடங்கு குறைந்தது. 2006ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்னும் கொள்கை நாட்டில் ஏற்கப்பட்டது; கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் கொலையின் இடத்தைப் பெற்றன. இம்மாற்றம் பெருமைக்குரியது. ஆயின் கொல்லப்படாத நாய் எங்கே வாழும் என்ற வினாவிற்குச் சட்டமோ சுற்றறிக்கையோ விடை தரவில்லை. அந்த விடையைத் தனிமனிதர்களே தரவேண்டியதாயிற்று. கண்டியிலும் பேராதனையிலும் நாய்களை எடுத்து, மருந்திட்டு, ஊசி போடுவித்து, வீடு தேடிக் கொடுக்கும் தொண்டர்களின் உழைப்பு இவ்வாறு பிறந்ததே. பேராதனையில் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா மருத்துவமனையும் அமைந்திருப்பது அவர்களுக்கு ஒரு துணை.

இங்கு ஒரு நுட்பத்தைக் குறிப்பிடல் வேண்டும். கட்டாக்காலி என்று பொதுவிற் சொல்லப்படும் நாய்கள் யாவும் நாதியற்றவை அல்ல. ஓர் ஒழுங்கையின் நாலைந்து வீடுகளிற் சோறு பெற்று, கடைத் திண்ணையிற் படுத்து, எவருக்கும் உரியதாகாமலும் எவராலும் விரட்டப்படாமலும் வாழும் ஊர்நாய் நம் சூழலில் நெடுங்காலமாக உள்ளது. அது அஞ்சினால் ஓடுவதற்கு வழி உண்டு. நாற்சுவருக்குள் அடைக்கப்பட்ட நாய்க்கு அவ்வழி இல்லை. எனவே மேலே கூறிய குடும்பத்தார் நன்மையே கருதினர் என்பதும், அந்நன்மையே நாயின் அச்சத்திற்கு ஒரு காரணமாகியிருக்கலாம் என்பதும் ஒருங்கே உண்மையாகலாம். ஓர் உயிரைத் தன்னைச் சார்ந்திருக்குமாறு ஆக்கியவனுக்கு, அவ்வுயிர்பாற் பிறருக்கில்லாத ஒரு கடமை தோன்றுகின்றது என்று கிளேர் பாமர் என்னும் மெய்யியலாளர் 2010இல் வெளியான தம் விலங்கறவியல் நூலில் வாதிடுகின்றார். தெருவிற் பசித்திருக்கும் நாய்க்கும் வழிப்போக்கனுக்கும் உள்ள உறவும், கதவு தாழிட்ட வீட்டிற் பசித்திருக்கும் நாய்க்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள உறவும் ஒன்றல்ல. தாழிட்டவனே திறக்கக் கடமைப்பட்டவன்.

தமிழ் மரபு இக்கடமைக்கு இட்ட பெயர் அடைக்கலம். அம்மரபு அதனை மிகக் கடுமையாகவே எடுத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாகக் கொடுக்கின்றார். பின்னர் மதுரையில் நிகழ்ந்தவற்றுள் எதற்கும் மாதரி காரணமல்லள். அவற்றுள் எதனையும் அவள் தடுத்திருக்கவும் இயலாது. எனினும் அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று அவள் தீயிற் புகுந்தாள் என வஞ்சிக் காண்டத்திலே மாடலன் கூறக் கேட்கின்றோம். குற்றமில்லாத இடத்தும் கடன் உண்டு என்பதே அவள் கொண்ட முடிவு. அவள் செயலை இன்று எவரும் பின்பற்றவேண்டியதில்லை, பின்பற்றலும் ஆகாது. ஆயினும் அவள் உணர்ச்சி பொருளற்றது என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

சிபியின் கதை இன்னும் நெருங்கியது; அங்கு அடைக்கலம் புகுந்தது ஒரு புறா. பருந்துக்கு அஞ்சிய புறாவைக் காப்பேன் என்றான் அரசன். எனக்கு உணவு இல்லையா என்று பருந்து கேட்டது. தன் தசையை அரிந்து தராசில் இட்டான். தட்டுத் தாழாமை கண்டு தானே ஏறினான். சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடிய இவ்வரசனின் கதையைப் பள்ளிப் பருவத்திலே படித்தோர் பலரும் அதிலுள்ள ஒரு கூறினைக் கவனிப்பதில்லை. தராசில் வைக்கப்பட்டது சிபியின் தசை. அவன் தன் அமைச்சனின் தசையை அரியவில்லை. மகனின் தசையையும் அரியவில்லை. கொடுத்த வாக்கின் விலையை வாக்குக் கொடுத்தவனே செலுத்தினான் என்பதனாலேயே அது அறமாயிற்று. கண்டியில் அவ்வீட்டிற் கடிபட்டது ஏழு வயதுப் பிள்ளையின் கை. நாயைக் கொண்டுவருவது பற்றி அப்பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். பிள்ளை மகிழ்ந்து துள்ளியுமிருக்கலாம். அதனை ஒப்புதல் என்று கொள்வதற்கில்லை. பிறர் தசையைத் தராசிலிட்டுத் தன் வாக்கைக் காப்பவனைச் சிபியின் மரபினன் என்று சொல்லவியலாது.

தருமரின் கதையும் இவ்வாறே நுணுகி நோக்கத்தக்கது. மகாபாரதத்தின் இறுதிப் பயணத்திலே, தம்மைத் தொடர்ந்துவந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் வேண்ட, அண்டி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டா என்று தருமர் மறுக்கின்றார். நாய்ப் பற்றாளர் அனைவரும் மேற்கோள் காட்டும் நிகழ்ச்சி இது. அங்கே இந்திரன் எழுப்பும் எதிர்வினா அத்துணை நினைவுகூரப்படுவதில்லை: தம்பியரையும் பாஞ்சாலியையும் வழியில் விட்டுவந்த நீ நாயை விடமாட்டாயா? அவர்கள் இறந்தபின்னரே பிரிந்தேன், உயிரோடிருக்கையில் விடவில்லை என்பது தருமர் விடை. விடையின் நேர்மை பற்றி நூற்றாண்டுகளாக விவாதம் நடந்துவருகின்றது. இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொன்று. தருமர் இழக்கத் துணிந்தது தமக்குரிய சுவர்க்கத்தை. அந்நாயும் எவரையும் கடிக்கவில்லை, வாயிலிற் கட்டப்படவுமில்லை, தானாகவே தொடர்ந்து வந்தது. அஞ்சி ஒடுங்கி, வந்த இடத்திலிருந்து ஓட வழி தேடும் ஒரு நாய், இமயத்தில் நடந்த நாயின் இனத்தது ஆயினும் நிலையால் வேறுபட்டது.

இவற்றால், அடைக்கல மரபு மீளளித்தலை முற்றாக விலக்குகின்றது என்று கொள்வதற்கு இடமில்லை. அதே வேளையில், அம்மரபு கடமையை இலேசாக்கவுமில்லை. விலை செலுத்தத்தக்கது செலுத்துபவனின் உடைமையாக உள்ளவரை அவன் செலுத்தியே ஆகவேண்டும். உறக்கம் கெடுதல், தளபாடம் பழுதாதல், ஊர்ப்பயணம் தடைப்படுதல், அயலாரிடம் முகங்கோணுதல், மருந்துச் செலவு ஆகியன யாவும் வளர்க்க எடுத்தவரின் சொந்தத் தசையே. மீளளிப்போர் கூறும் காரணங்களுட் பல இவ்வகையிலேயே அடங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வாக்கு என்பதன் இயல்பையும் இங்கு ஆராய வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த வாக்கிலிருந்து விடுபட விரும்புவோர், வாக்கைப் பெற்றவரிடம் சென்று விடுதலை கேட்கலாம். கடன் கொடுத்தவர் கடனை மன்னிக்கலாம். மணம் பேசியவர் நிச்சயத்தை முறித்துக்கொள்ள உடன்படலாம். நாயிடம் அவ்வாறு கேட்க இயலாது. அது வாக்கைக் கோரவுமில்லை, மன்னிக்கவும் அறியாது. மகாவம்சம் எல்லாளனைப் பற்றிக் கூறும் செய்தி இவ்விடத்திற் பொருத்தமாகின்றது. அநுராதபுரத்தில் அவன் படுக்கையின் தலைமாட்டில் நீண்ட கயிற்றோடு மணி கட்டப்பட்டிருந்தது. இளவரசனின் தேர்க்காலிற் கன்றை இழந்த பசு வந்து அதனை அசைத்தது. பாம்புக்குக் குஞ்சைப் பறிகொடுத்த பறவையும் வந்து அசைத்தது. இவ்வரசனைப் பகைவனாகக் கொண்ட நூலே இதனைப் புகழ்ந்துரைக்கின்றது. அம்மணியின் பொருள் தெளிவானது. விலங்குக்கும் முறையீடு உண்டு; அதனைக் கேட்கும் வழியை மனிதனே அமைத்துக் கொடுத்தல் வேண்டும். எல்லாளன் இல்லாத இக்காலத்தில் வீட்டுக்குள்ளே வாக்குக் கொடுத்தவனே வழக்காளியின் சார்பிலும் பேசவேண்டியவனாகின்றான், தீர்ப்பும் அவனதே. ஒருவனே இரு தரப்பிலும் நிற்கும் வழக்கில் அவன் தன் பக்கம் சாய்வது இயல்பு.

இச்சாய்வு பெரும்பாலும் ஒரே சொற்றொடரில் வெளிப்படும்: நாயின் நன்மைக்காகவே கொடுக்கின்றோம். இச்சொற்றொடர் சில வேளைகளில் முழு உண்மை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடனின் குடும்பத்தார், டெலவேர் மாநிலக் காப்பகமொன்றிலிருந்து 2018இல் எடுத்த மேஜர் என்னும் ஜேர்மன் ஷெப்பேட் நாய், அவர்கள் வெள்ளை மாளிகைக்குக் குடிபெயர்ந்தபின் 2021இல் அங்கிருந்தோரைக் கடித்தது. பயிற்சி அளிக்கப்பட்டது, பயன்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில், அமைதியான சூழலில் வாழுமாறு குடும்ப நண்பர்களிடம் அது ஒப்படைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. காவலர்களும் விருந்தினர்களும் ஓயாது நடமாடும் மாளிகையில் அந்நாயை வைத்திருப்பதே வாக்கைக் காப்பதாகும் என்று எவரும் வாதிடார். கொடுத்த வாக்கின் உட்பொருள் அந்நாய் நன்கு வாழ்தல் என்பதாயின், கைமாற்றியதே அதனைக் காத்த செயலாகலாம். ஆனால் அங்கு ஏற்கத் தயாரான, நாயை அறிந்த நண்பர் இருந்தனர். கண்டிக் குடும்பத்திற்கு அத்தகைய நண்பர் வாய்ப்பதில்லை. காப்பகத்தின் கூடுகளோ ஏற்கனவே நிரம்பியவை.

அப்படியாயின் உண்மைக்கும் சாட்டுக்கும் வேறுபாடு காண்பது எவ்வாறு? முயற்சியின் தரத்தைக் கொண்டே பெரிதும் காணலாம். முயற்சிக்கு அறிவு வேண்டும். அஞ்சும் நாயின் செயலைக் கெட்ட குணம் என்று வாசிப்பதே பெரும்பாலான வீடுகளில் நிகழும் முதற் பிழை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலேயே, கோவலன் செய்த நற்செயல்களை மாடலன் எடுத்துரைக்குமிடத்தில், வளர்த்த கீரியைக் கொன்ற பார்ப்பனியின் செய்தி வருதல் வியப்பளிப்பது. பிள்ளையைக் காத்த கீரியைப் பிள்ளையைக் கடித்த கீரியென எண்ணிக் கொன்ற அக்கதை நாடறிந்தது. அடைக்கலம் பற்றிப் பேசும் காதைக்குள்ளேயே, விலங்கின் செயலைப் பிழையாக வாசித்த அவசரமும் பதிவாகியுள்ளது.

ஸ்கொட், ஃபுல்லர் என்னும் இரு ஆய்வாளர் நாய்களின் நடத்தை பற்றி 1965இல் வெளியிட்ட நூல், குட்டியின் மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள காலம் அதன் சமூக வாழ்வுக்கு அடித்தளமிடுவது என நிறுவியது. அக்காலத்தில் மனிதக் கை படாத குட்டி, வளர்ந்தபின் கையைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அது பிடிவாதமன்று, அடித்துத் திருத்தத்தக்கதுமன்று. அடி அச்சத்தைக் கூட்டும். அச்சம் கூடினாற் கடி வரும். உறுமுதல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காகத் தண்டிக்கப்பட்ட நாய் மறுமுறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்கின்றது. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல் முதலியன அச்சத்தின் சிறு மொழிகள். அவற்றை அறிந்த வீட்டார், பிள்ளையைக் கட்டிலின் கீழ் குனிய விட்டிருக்கமாட்டார்கள்.

அறிந்தபின் செய்யத்தக்கனவும் உள. ஒதுங்குவதற்கென ஒரு மூலையை விட்டு, அங்கு எவரும் செல்லாதிருத்தல். தானே வரும்வரை அழையாதிருத்தல். தனிமையை நிமிடக் கணக்கிற் பழக்குதல். மிருக வைத்தியரின் மேற்பார்வையில் ஃபுளுவொக்சற்றீன் போன்ற மருந்து கொடுத்தல். இவற்றுக்கு மாதங்கள் செல்லும். கண்டியின் ஆண்டு வட்டமும் இதற்கு உதவுவதன்று. சித்திரை வருடப்பிறப்பின் சீனவெடி ஒரு புறம். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களின் பிற்பகல் இடி ஒரு புறம். எசல பெரஹராவோ வெடியொலியுடன் தொடங்கிக் கசையடிப்போர் முன்செல்ல நூற்றுக்கணக்கான பறைகள் முழங்கச் செல்வது. மனிதருக்கு மெய்சிலிர்க்கும் அவ்வோசை, நகரின் நடுவே கட்டப்பட்டுள்ள அஞ்சும் நாய்க்கு இரவுதோறும் உலகம் இடிந்துவிழுவது போன்றது. ஆடியிலே நாயை எடுத்து ஆவணியிலே முடியவில்லை என்பவர், அந்நாயை அதன் மிகக் கொடிய நாட்களில் மட்டுமே கண்டவராவர்.

இத்தகைய முயற்சி யாவர்க்கும் இயலுவதா என்பது நியாயமான வினா. பகல் முழுதும் வேலைக்குச் செல்லும் தம்பதியர்க்கும், இரண்டறை வாடகை வீட்டினர்க்கும், தோட்டத்து லயத்தில் வாழ்வோர்க்கும் ஆறு மாதப் பொறுமையும் மருந்துச் செலவும் ஒரே அளவின அல்ல. வசதி படைத்தோருக்கே அறம் எளிது என்று கூறிவிட்டு அகலுதல் முறையாகாது. இயலாமையும் ஓர் உண்மையே. அதனை முன்னதாகவே எண்ணிப் பார்த்தல்தான் ஏற்பவரின் முதற்கடமை. எனினும் முன்னதாக எண்ணியவரையும் நாயின் கடந்தகாலம் ஏமாற்றிவிடக்கூடும். அஞ்சும் நாய் காப்பகத்தில் அடங்கிக் கிடக்கும். அவ்வடக்கத்தைச் சாதுத்தன்மை என்று கருதியே பலர் அதனைத் தெரிந்தெடுக்கின்றனர். இங்கு கொடுப்பவர்க்கும் ஒரு கடன் உண்டு. நாய்க்கு வீடு கிடைக்கவேண்டும் என்னும் ஆர்வத்தால் அதன் குறையைச் சொல்லாது விடுதல், நாய்க்கே கேடாக முடியும்.

ஆகவே, மீளளித்தல் நேர்மையானதா என்பதை அறிய வேறொரு குறியும் உண்டு. கொடுப்பவர் உண்மை முழுவதையும் சொல்லிக் கொடுக்கின்றாரா? பிள்ளையைக் கடித்தது என்பதைக் காப்பகத்திற்குச் சொல்லத் தயங்குபவர், தம் சுமையை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகின்றார். தும்புத்தடிக்கு அஞ்சும், ஆண்குரலுக்கு அஞ்சும், கையால் ஊட்டினால் உண்ணும், இரவில் வாயிலருகே படுக்கும் என்று மூன்று மாதத்தில் அறிந்த யாவற்றையும் எழுதிக் கொடுப்பவர், வேறிடம் கிடைக்கும்வரை தம் வீட்டிலேயே தனியிடத்திற் காப்பாக வைத்திருப்பவர், உணவுக்கும் மருந்துக்கும் தம் பங்கைத் தொடர்ந்து தருபவர் ஆகியோர் அடைக்கலத்தை விட்டவரல்லர்; அதன் வடிவத்தை மாற்றியவர். தமிழிற் கைவிடல் என்றும் கைமாற்றல் என்றும் இரு சொற்கள் உள்ளமை பயனுடையது.

கைவிடலின் உருவங்களைக் கண்டியில் தேடி அலைய வேண்டியதில்லை. விகாரை வாயிலில், சந்தை மூலையில், மகாவலிக் கரையோரத்தில், மலைத்தோட்டப் பாதையோரத்தில் இரவிலே பெட்டியோடும் சாக்கோடும் இறக்கிவிடப்படும் நாய்களும் குட்டிகளும் பல. விகாரையிற் சோறு கிடைக்கும், தோட்டத்தில் ஓடித் திரியலாம் என்று இறக்கியவர் தம்மைத் தேற்றிக்கொள்வர். விகாரையில் ஏற்கனவே உள்ள நாய்க்கூட்டம் புதிதாக வந்ததை எவ்வாறு வரவேற்கும் என்பதும், மலைநாட்டுத் தோட்டங்களிற் சிறுத்தை விரும்பிக் கவரும் இரை நாய் என்பதும் அவர்கள் அறியாதவையல்ல. பல்கலைக்கழக வாழ்விலும் இதன் மெல்லிய வடிவமொன்று உண்டு. விடுதியிற் குட்டியொன்றைச் சோறிட்டுப் பழக்கி, பெயரிட்டு, படமெடுத்து மகிழ்ந்தபின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், வெறிச்சோடிய விடுதி முற்றத்தில் அது என்ன உண்ணும் என எண்ணுவது அரிது. நான்காண்டின் பின் பட்டத்தோடு செல்பவர் எண்ணுவது அதனினும் அரிது. எவரும் அதனைத் தம்முடையது என்று சொல்லவில்லையாதலால் எவரும் அதனைக் கைவிட்டவராகவும் தம்மை உணர்வதில்லை. ஆயின் சார்ந்திருக்கச் செய்தல் சொல்லால் மட்டும் நிகழ்வதன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் வைக்கப்படும் ஒரு பிடி சோற்றாலும் நிகழும்.

நேர்மையாகக் கைமாற்றியவர்க்கும் மனத்திலே ஒன்று எஞ்சி நிற்கும். பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கில மெய்யியலாளர், 1981இல் நூலாக வந்த தம் கட்டுரைகளில், தன் பிழை ஏதுமின்றியே பிள்ளையொன்றின்மீது வண்டியை ஏற்ற நேர்ந்த லொறிச் சாரதியைப் பற்றிப் பேசுகின்றார். பார்த்து நின்றவர் கொள்ளும் வருத்தமும் சாரதி கொள்ளும் வருத்தமும் வேறு. உன்மேற் தவறில்லை என்று அவனைத் தேற்றுவது முறைதான். ஆனால் அத்தேறுதலை உடனே ஏற்று எழுந்து செல்பவனிடம் ஏதோ குறையிருப்பதாகவே பிறர் உணர்வர். மாதரியின் துயரத்தை விளக்குவதற்கு மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்று ஒருவர் சற்றே பெருமிதத்தோடு சொன்னால், அது முற்றிலும் மிகையாகாது.

இனி, எவரும் ஏற்காத நாய் ஒன்று எஞ்சுகின்றது. பலமுறை கடித்தது, மருந்தும் காலமும் பயன்தரவில்லை, காப்பகம் ஏற்பதற்கில்லை, இரவும் பகலும் நடுங்குகின்றது. இத்தகைய நாய்கள் தொகையிற் சில, ஆயினும் உள. மிருக வைத்தியர் நோவின்றி உயிர் நீக்கலாம் என்று கூறக்கூடும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட பௌத்தரும் சைவரும் வாழும் கண்டியில் இச்சொல்லைக் கேட்டவுடன் பலர் பின்வாங்குகின்றனர். அப்பின்வாங்கல் மதிக்கத்தக்கது. ஆனால் பின்வாங்கியவர் அடுத்து என்ன செய்கின்றார் என்பதையும் பார்க்க வேண்டும். நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றி, அறியாத ஊரொன்றின் விகாரைப் படியருகே இருளிலே இறக்கிவிட்டு, நான் கொல்லவில்லை என்ற நிறைவோடு திரும்புவாராயின், அவர் காத்தது நாயின் உயிரையன்று, தம் கையின் தூய்மையை. அந்நாய் அங்கு பசியாலோ, பிற நாய்களாலோ, வாகனத்தாலோ, அது கடித்த இன்னொரு பிள்ளையின் தந்தையின் பொல்லாலோ இறக்கும்; இறக்கும்போது அதனருகே அது அறிந்த முகம் ஒன்றும் இராது. மருத்துவ மேசையருகே அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் செயல் அறமா, மறமா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடலாம். வாழ்நாள் முழுவதும் தனியறையொன்றில் அதனைக் காக்க வல்லவர் ஒருவர் முன்வருவாராயின் அதுவே மேலானது என்பதில் இரு தரப்பாரும் உடன்படுவர். அவ்வாறு ஒருவரும் இல்லாதபோது, மேசையருகே நிற்பவர் தாம் செய்ததைத் தம் பெயரிலேயே செய்தவர் என்பதையாவது மறுப்பதற்கில்லை. அடைக்கலம் கொடுத்த அன்று அந்நாய்க்குப் பெயரிட்டவரும் அவரே.